கேணல் டால்பொட்டும் அவர் குடியேற்றமும்

பாடசாலையிற் பல ஆண்டுகள் கடமையாற்றியவர்களுக்கு இடாப்பு என்பது எத்துணை முக்கியமானதென்று தெரியும். மாணவனின் பெயரை அதில் மையினாலேயே எழுதுதல் வேண்டும். பிழை நேர்ந்தாலும் சுரண்டி அழித்தலாகாது. கோடிட்டு வெட்டி, பக்கத்தில் ஒப்பமிடுதல் வேண்டும். புதிதாக வரும் இளம் ஆசிரியர் சிலர் இதனை வீண் கெடுபிடி என்று எண்ணுவதுண்டு. பென்சிலால் எழுதினால் திருத்துவது எளிதன்றோ என்று அவர்கள் கேட்பர். எளிதுதான். அந்த எளிமையே அதன் குற்றம் என்று நான் மறுமொழி கூறுவேன்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், கனடா தேசத்திலே, ஈரி என்னும் பேரேரியின் கரையில், மரக்குற்றிகளால் அமைந்த வீடொன்றில் வாழ்ந்த ஒருவர், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காணிகளைத் தம் வரைபடங்களிற் பென்சிலாலேயே எழுதி வைத்திருந்தார். ஏற்றுக்கொண்டவரின் பெயரை எழுதுவார். விலக்க நினைத்தவரின் பெயரை இறப்பர்த் துண்டினால் அழித்துவிடுவார். அவர்தாம் கேணல் தோமஸ் டால்பொட். அயர்லாந்திற் பிறந்து, போர்வீரராக வளர்ந்து, பெருநிலக்கிழாராகி, மேல் கனடாவின் அரசியலிலும் செல்வாக்குடன் விளங்கி மறைந்தவர். அவரை வள்ளல் என்போரும் உளர்; கொடுங்கோலர் என்போரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. அது எவ்வாறு என்பதையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விழைகின்றேன்.

டப்ளின் நகருக்கு வடக்கே மலஹைட் என்னும் ஊரிலே பழைமையான கோட்டை ஒன்றுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் படையெடுப்பைத் தொடர்ந்து அயர்லாந்தில் நிலம் பெற்ற டால்பொட் குடும்பத்தார், ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அவ்வூரிலே செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1771ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி தோமஸ் அக்குடும்பத்திற் பிறந்தார். ஆனால், அவர் தலைமகனாகப் பிறந்தாரல்லர். கோட்டையும் நிலமும் மூத்த புதல்வனுக்கே உரியன என்பது அக்காலப் பிரபுக்களின் வழக்கம். இளையோர் பிழைக்கும் வழிகள் படை, திருச்சபை, அரசாங்க உத்தியோகம் என்பனவே. நிலமுள்ள குடும்பத்தில் நிலமில்லாத பிள்ளையாகப் பிறந்தமை அவர் வாழ்வு முழுவதற்கும் ஒரு திறவுகோல் எனலாம்.

1783ஆம் ஆண்டிலே, பதினொரு வயதுச் சிறுவனாக இருந்தபோதே, அவர் 66ஆவது படையணியில் இளநிலை அதிகாரியாகப் பதிவு செய்யப்பட்டார். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளைக்குப் படையதிகாரப் பத்திரமா என்று நீங்கள் வியக்கலாம். செல்வாக்குள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு இவ்வாறு பதவி தேடிவைத்தல் அந்நாளில் அரிதன்று. விரைவில் அவர் அரைச் சம்பளத்தில் விடுவிக்கப்பட்டு, மான்செஸ்டர் நகரப் பள்ளியொன்றிற் கல்வி கற்றார். 1787இல், பதினாறு வயதில், அயர்லாந்தின் இராசப் பிரதிநிதியாக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பரிவார அதிகாரியானார். அங்கே அவருடன் பணியாற்றிய மற்றோர் இளைஞர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்றவர் அவரே.

1790ஆம் ஆண்டில் டால்பொட் 24ஆவது படையணியைச் சேர்ந்தவராய்க் கியுபெக் நகருக்குச் சென்றார். அடுத்த ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றினாற் கியுபெக் மாகாணம் மேல் கனடா, கீழ்க் கனடா என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேல் கனடா என்பது இன்று நம் உறவினர் பலர் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதி. அதன் முதலாவது துணைத் தேசாதிபதியாக வந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ, இளைஞர் டால்பொட்டைத் தம் அந்தரங்கச் செயலாளராக அமர்த்திக்கொண்டார்.

1793ஆம் ஆண்டின் பனிக்காலத்திலே சிம்கோ, நயாகராவிலிருந்து டிட்ரோயிட் வரையில் காட்டு வழியே பயணஞ் செய்தார். டால்பொட்டும் உடன் சென்றார். சறுக்கு வண்டியிலும் கால்நடையாகவும் சென்ற அப்பயணத்திலே, வானளாவிய மரங்களையும், அவை வளர்ந்து நின்ற மண்ணின் செழுமையையும் அவர் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை. 1794இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பிரெஞ்சுப் புரட்சிப் படைகளுக்கெதிரான போரிலே பிளாண்டர்ஸ் நாட்டிற் பணியாற்றினார். 1796இல் 5ஆவது படையணியின் லெப்டினன்ற் கேணலாக உயர்ந்தார். இருபத்தைந்து வயதளவில் அப்பதவியை அடைந்தவர்க்கு மேலும் உயர்வதற்குத் தடையேதும் இருக்கவில்லை. ஆயினும் 1800ஆம் ஆண்டின் இறுதியில், முப்பது வயது நிறையுமுன்னரே, அவர் படையைத் துறந்து, ஈரிக் கரைக் காட்டை நாடிச் சென்றார்.

அவர் செய்த காரியத்தை விளங்கிக்கொள்வதற்கு, மேல் கனடாவில் அந்நாளிற் காணி வழங்கப்பட்ட முறையை முதலில் அறிதல் வேண்டும். புதிய ஊர்ப்பிரிவு ஒவ்வொன்றையும் அளக்கும்போது ஏழில் ஒரு பங்கு திருச்சபையின் பேணுகைக்கென்றும், மற்றுமோர் ஏழில் ஒரு பங்கு அரசுக்கென்றும் ஒதுக்கப்பட்டன. இவ்வொதுக்கீடுகள் ஓரிடத்தில் அமையாது, சதுரங்கப் பலகையின் கட்டங்களைப்போல் எங்கும் சிதறிக் கிடந்தன. எஞ்சியவற்றிலும் பெரும்பகுதியைப் படையதிகாரிகளும் அரசாங்கத்தின் அன்பைப் பெற்றோரும் பெற்றுக்கொண்டு, அங்கே குடியிராமல், விலை ஏறும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். இவற்றுக்கிடையே ஒரு கமக்காரன் தன் மனைவி மக்களோடு வந்து குடியேறினால் அவன் நிலை யாது? இருமருங்கிலும் வெட்டாத காடு. வீதி அமைக்க அயலவர் இல்லை. விளைந்த கோதுமையை ஆலைக்குக் கொண்டுபோக வழியில்லை. நோயுற்றபோது உதவிக்கு ஓடி வருவாரில்லை. காணி இருந்தும் பயனற்ற இந்நிலை நாடெங்கும் நிலவியது. 1839இல் டர்ஹாம் பிரபு வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையும் இக்கேட்டை வன்மையாகக் கண்டித்தது.

இத்தகைய சூழலிலே 1803இல் டால்பொட் இலண்டன் அரசாங்கத்துடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். உயர் படையதிகாரி என்ற முறையில் அவருக்கு 5,000 ஏக்கர் காணி வழங்கப்பட்டது. அவர் குடியேற்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50 ஏக்கர் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு ஒரு குடும்பத்தைக் குடியிருத்துந்தோறும் அவருக்கு 200 ஏக்கர் உரித்தாகும். நூறு குடும்பங்கள் வந்தால் 20,000 ஏக்கர் என்பது எளிய கணக்கு. இவ்வுடன்படிக்கைக்குத் தமக்கு வாய்ப்பான பொருளையே அவர் எந்நாளும் கொண்டார் என்பதும், அதனால் அவருடைய சொந்த நிலம் பெருகிக்கொண்டே சென்றது என்பதும் ஈண்டு மறைக்கத்தக்கன அல்ல. 1803ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி அவர் கரையிறங்கி, தம் கையாலேயே கோடரி பிடித்து முதல் மரத்தை வெட்டினார் என்பர். அவ்விடம் போர்ட் டால்பொட் எனப் பெயர்பெற்றது.

முதல் மரம் என்று சொன்னேன். ஆனால், அக்காட்டிற்கு அவர் முதல் மனிதர் அல்லர். போர்ட் டால்பொட்டுக்கு அண்மையில், சவுத்வோல்ட் என்னுமிடத்தில், இரட்டை மண்சுவர்களால் அரண் செய்யப்பட்ட பழங்குடி ஊரொன்றின் சுவடு இன்றும் காணப்படுகின்றது. அது 1500ஆம் ஆண்டளவில் நியூட்ரல் என்று ஐரோப்பியர் பெயரிட்டழைத்த மக்கள் வாழ்ந்த ஊர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் போரினாலும் நோயினாலும் அம்மக்கள் சிதறுண்டனர். அதன்பின் அந்நிலத்தில் நடமாடிய ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவட்டமி, ஹியூரோன் மக்களின் தலைவர்கள், 1790ஆம் ஆண்டு மே மாதம் டிட்ரோயிட்டில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ஈரி ஏரியின் வடகரையிலே மிகப் பெரியதொரு நிலப்பரப்பு, 1,200 பவுண் பெறுமதியான பொருள்களுக்கு முடிக்கு உரித்தாயிற்று. இவ்வாறு பெற்ற நிலத்தைத்தான் அரசாங்கம் டால்பொட்டின் பொறுப்பில் விட்டது. அவர் கொடுத்ததெல்லாம் பிறரிடமிருந்து மிக மலிவாகப் பெற்றதே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தொடக்க ஆண்டுகள் கடினமானவை. மலஹைட் கோட்டையிற் பிறந்தவர், வெல்லெஸ்லியோடு விருந்துண்டவர், இங்கே தாமே பசுக் கறந்தார், வெண்ணெய் கடைந்தார், ரொட்டி சுட்டார். வீட்டில் நெய்த முரட்டுத் துணியையே உடுத்தினார். அருகிற் குருமார் இல்லாமையால் நீதவான் என்ற முறையில் திருமணங்களை நடத்தி வைத்தவரும் அவரே; ஞாயிறுதோறும் வழிபாட்டு நூலை வாசித்தவரும் அவரே. வழிபாடு முடிந்ததும் விஸ்கிப் போத்தல் ஒன்று சுற்றி வரும் என்றும், அதனால் வருகை குறைவதில்லை என்றும் நகைச்சுவையாகக் கூறுவர். தானியம் அரைக்க வழியின்றி மக்கள் மரக்குற்றியைக் குடைந்து உரலாக்கி இடித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்காக அவர் ஆலையொன்றை நிறுவினார். 1809இல் பென்சில்வேனியாவிலிருந்து சில குடும்பங்கள் வந்து, பக்கத்திலே டிர்கோனெல் என்ற ஊரை அமைத்தன. பின்னர் ஸ்கொத்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மக்கள் தொடர்ந்து வந்தனர்.

அவர்கள் காணி பெற்ற விதம் விந்தையானது. வந்தவர் போர்ட் டால்பொட் வீட்டின் முன்னே நிற்பார். கேணல் யன்னலைத் திறந்து, யாது வேண்டுமென வினவுவார். ஒருமுறை கோபங்கொண்ட ஸ்கொத்லாந்து மலைநாட்டவர் ஒருவர் அவரைப் பிடித்துக் கீழே தள்ளியதாகவும், அன்று முதல் உள்ளே எவரையும் அழைக்காது யன்னல் வழியாகவே பேசினார் எனவும் ஒரு கதை உண்டு. வந்தவரைப் பிடித்திருந்தால் வரைபடத்தை விரித்து, ஒரு காணித்துண்டிலே பெயரைப் பென்சிலால் எழுதுவார். பிடிக்காவிட்டால் யன்னல் மூடப்படும். முறையீடு செய்ய வேறிடம் இல்லை.

பெயர் எழுதப்பட்டதோடு காணி சொந்தமாகிவிடாது. குறித்த காலத்துள் பத்து ஏக்கர் காட்டை வெட்டித் துப்புரவாக்குதல், குடியிருக்கத்தக்க வீடொன்று கட்டுதல், தன் காணியின் முன்னே செல்லும் வீதியின் அரைப்பங்கைத் துப்புரவு செய்தல் ஆகிய மூன்று கடமைகளையும் நிறைவேற்றல் வேண்டும். நிறைவேற்றியபின்னரே அரசாங்க உறுதிக்கு உரித்தாவான். நிறைவேற்றாவிட்டால் இறப்பர் தன் வேலையைச் செய்யும். அவ்விடத்தில் வேறொருவன் பெயர் ஏறும். காணியை வேறொருவருக்குக் கைமாற்ற விரும்பினாலும் இருவரும் யன்னலண்டைதான் செல்லவேண்டும். கேணல் இசைந்தால் ஒரு பெயரை அழித்து மற்றதை எழுதுவார். அவ்வளவே காணிக் கைமாற்றம்.

இம்முறையின் நன்மைகளை முதலிற் கூறுவோம். கையிற் காசில்லாத ஏழையும் உடனே நிலத்தில் இறங்கலாம். உறுதிக்கெனச் செலுத்தவேண்டிய கட்டணங்கள் பிற்காலத்துக்குத் தள்ளிப்போயின. தலைநகரக் காணிக் கந்தோரில் மாதக்கணக்கிற் காத்திருக்கவேண்டியதில்லை. இவற்றினும் மேலானது வீதி. காணியை வாங்கி வைத்துவிட்டு வேறிடத்தில் வாழ்வோருக்கு டால்பொட் இடங்கொடுக்கவில்லை. டால்பொட் வீதியின் இருமருங்கிலும் திருச்சபை ஒதுக்கீடோ அரச ஒதுக்கீடோ குறுக்கிடாதவாறும் பார்த்துக்கொண்டார். ஆகவே, ஒவ்வொரு காணியின் முன்னும் ஒரு குடும்பம் இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலில் வீதியை வெட்டிற்று. துண்டு துண்டாக வெட்டிய வீதிகள் ஒன்றாகி நீண்டன. நில அளவையாளர் மாலன் பர்வெல் 1809 முதல் அளந்து வகுத்த அவ்வீதியே மேல் கனடாவின் மிகச் சிறந்த வீதிகளுள் ஒன்றெனப் பெயர்பெற்றது. செல்வர் தந்த பணத்தாலன்றி, குடியேறியவர் கோடரியினாலேயே அது உருவாயிற்று. காலப்போக்கில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பிரிவுகள் அவருடைய மேற்பார்வைக்குள் வந்தன.

1812ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. பழைய போர்வீரர் மீண்டும் வாளெடுத்து, மிடில்செக்ஸ் பகுதி மக்கட்படைக்குத் தலைமை தாங்கினார். 1814இல் அமெரிக்கத் தாக்குதற் குழுக்கள் போர்ட் டால்பொட்டைப் பன்முறை சூறையாடின. வழிகாட்டி வந்தவர்களுள் முன்பு அக்குடியேற்றத்திலே வாழ்ந்து பகைவர் பக்கம் சேர்ந்தவர்களும் இருந்தனர். பர்வெல் சிறைப்பட்டார். டால்பொட் தப்பினார், ஆனால் மக்கள் நம்பியிருந்த ஆலை எரிந்து சாம்பலாயிற்று. போரின் பின் யாவற்றையும் மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று.

இனி அவருடைய அரசியலுக்கு வருவோம். மேல் கனடாவின் சட்டநிரூபண சபையிலே அவருக்கு உறுப்பினர் பதவி வழங்கப்பட்டது. ஆனால் தலைநகரிற் சென்று அமர்ந்திருப்பதில் அவர் நாட்டம் காட்டவில்லை. அவருடைய பலம் வேறிடங்களில் இருந்தது. அவரது அளவையாளர் பர்வெல் 1812இலேயே மக்கள் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி, பிற்காலத்திலும் பன்முறை அங்கு வீற்றிருந்தார். குடியேற்ற அமைச்சர் பாதர்ஸ்ட் பிரபுவின் ஆதரவு டால்பொட்டுக்கு இலண்டனில் இருந்தது. தலைநகர நிர்வாக சபையினரோ அவரை வெறுத்தனர். உறுதிகள் தாமதமாவதால் அதிகாரிகளுக்கு வரவேண்டிய கட்டணங்கள் வராமை அதற்கு ஒரு காரணம். எவருக்கும் கணக்குக் காட்டாத ஒருவரின் கையிற் பெருநிலப்பரப்பு கிடத்தல் மற்றொரு காரணம். 1817, 1818ஆம் ஆண்டுகளில் இப்பிணக்கு முற்றியபோது டால்பொட் நேரே இலண்டன் சென்று, பாதர்ஸ்ட் பிரபுவின் துணையால் வென்று திரும்பினார். இவ்வளவு நிலத்துக்கு உடையவர், 1826இல் கையிற் பணமின்றி அரசாங்கத்தை நாடி ஆண்டுக்கு 400 பவுண் உபகாரச் சம்பளம் பெற்றார் என்பதும் கவனிக்கத்தக்கது. காட்டு நிலம் பெருஞ் செல்வமெனினும், அதனை உடனே காசாக்கல் இயலாது.

மக்கள் அவரை நேசிக்கவும் செய்தனர். 1817 முதல் ஆண்டுதோறும் மே மாதம் 21ஆந் திகதியை டால்பொட் ஆண்டு விழா என விருந்தும் நடனமுமாகக் கொண்டாடினர். அவ்விழாவைத் தொடக்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் ஜோன் ரோல்ப் என்னும் இளைஞர். வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் விளங்கிய இவர், சார்ல்ஸ் டங்கோம் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1824இல் சென் தோமஸ் நகரிலே ஒரு மருத்துவக் கூடத்தை நிறுவி, மாணவருக்கும் கற்பித்தார். டால்பொட் அதனை ஆதரித்தார். அது அவர் பெயரையே தாங்கிற்று. ஆனால் காலம் மாறியது. ரோல்பும் டங்கோமும் சீர்திருத்தக் கட்சியினராயினர். அரசாங்கம் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பொறுப்புடையதாக இருத்தல் வேண்டுமென்றும், காணிக்கும் வரிக்கும் கணக்குக் காட்டப்படல் வேண்டுமென்றும் கேட்டனர். டால்பொட் இதனை இராசத் துரோகமென்றே கருதினார். 1832ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆந் திகதி சென் தோமஸ் நகரிற் பெருங்கூட்டமொன்றைக் கூட்டி, சீர்திருத்தவாதிகளையும் மதுவிலக்குச் சங்கத்தாரையும் ஒருங்கே கடிந்துரைத்தார். 1837ஆம் ஆண்டின் இறுதியிற் கலகம் வெடித்தபோது, மேற்குப் பகுதியிற் கலகக்காரருக்குத் தலைமை தாங்கியவர் அதே டங்கோம். கலகம் அடங்கிற்று, டங்கோமும் ரோல்பும் எல்லை கடந்து ஓடினர்.

இவ்விருவரும் ஏன் மாறினர்? நன்றி மறந்தோர் என்று டால்பொட்டின் நண்பர் கூறினர். நான் அவ்வாறு கருதவில்லை. காட்டினுட் புகுந்த முதல் நாளில் மனிதனுக்கு வேண்டியது ஒரு துண்டு நிலமும், அதனைக் காட்டிவிடும் ஒரு பெரிய மனிதருமே. பத்தாண்டு உழைத்து, வேலியடைத்து, பிள்ளைகளைப் பெற்று, தாய் தந்தையரை அம்மண்ணிலே அடக்கஞ் செய்தபின்னர் அவனுக்கு வேறொன்று வேண்டியதாகின்றது. அந்நிலம் தன்னுடையதென்று எவராலும் அழிக்கவியலாத எழுத்திற் பொறிக்கப்படல் வேண்டும் என்பதே அது. ஓல்ட்பரோ ஊர்ப்பிரிவிற் குடியேறிய ஸ்கொத்லாந்து மக்கள், ஏனைய இடங்களில் வந்தோர் கூடுதலான காணி பெற, தமக்கு ஐம்பது ஏக்கர் மாத்திரம் கிடைத்ததென முறையிட்டனர். குறைபட்ட பங்கு கேணலின் சொந்த நிலத்தைப் பெருக்கியது என்பதே அவர்கள் மனக்குமுறல். அம்முறையீட்டைக் கேட்க வேண்டியவரும் கேணலே. வழக்காளியும் எதிராளியும் நீதிபதியும் ஒரே யன்னலுக்கு உள்ளும் புறமுமாக நின்றால் அங்கே நீதி எவ்வாறு நிலைக்கும்?

1838இல் அவருடைய மேற்பார்வையை முடிவுக்குக் கொண்டுவந்து, பத்திரங்களை அரசாங்கக் கந்தோரிடம் ஒப்படைக்குமாறு உத்தரவாயிற்று. முப்பத்தைந்து ஆண்டு ஆட்சி முடிவுற்றது. அதற்கு முந்திய ஆண்டு கோடையில் அன்னா ஜேம்சன் என்னும் எழுத்தாளர் போர்ட் டால்பொட்டுக்கு விருந்தினராகச் சென்றார். பெண்களை அண்டவிடாத முரடர் என்று ஊரார் பேசியதைக் கேட்டு அஞ்சிச் சென்றவரை, முதியவர் மிக்க பண்புடன் வரவேற்றாராம். தோட்டத்தில் ரோசாச் செடிகளையும் பேணி வந்தார். அவ்வம்மையார் 1838இல் வெளியிட்ட பயண நூலில் அவரைப் பற்றி அன்போடும் நடுவுநிலைமையோடும் எழுதியிருக்கின்றார்.

டால்பொட் மணஞ்செய்துகொள்ளவில்லை. தம் நிலத்துக்கு வாரிசாகச் சகோதரியின் மகன் றிச்சார்ட் ஏரியை அழைத்தார். ஆனால் மரக்குற்றி வீட்டு முதியவருக்கும் நாகரிகக் குடும்பத்தினரான ஏரியாருக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த ஏரி பின்னாளிலே கிரிமியப் போரிற் படைத்தலைவரின் கட்டளைகளை எழுதும் பொறுப்பிலிருந்தார். 1854இல் பலக்லாவாவில் இலகு குதிரைப்படையை அழிவுக்கு அனுப்பிய கட்டளையும் இவர் கையெழுத்திலேயே சென்றது. முதியவர் இறுதியிற் சொத்தின் பெரும்பகுதியை, வேலையாளாக வந்து நிலத்தை மேற்பார்த்த ஜோர்ஜ் மக்பெத் என்பவருக்கே எழுதி வைத்தார். இரத்த உறவைவிடக் கூட இருந்து உதவிய கையே அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியது போலும்.

1853ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், எண்பத்தொரு வயதில், இலண்டன் என்ற பெயரையே தாங்கிய கனடிய நகரில் மக்பெத்தின் இல்லத்திலே அவர் உயிர் நீத்தார். கொடும் பனியிலே உடலை டிர்கோனெல் திருச்சபை மயானத்துக்குக் கொண்டுசென்றனர். வழியிலே இரவு வந்தபோது, பேழையை ஒரு களஞ்சியக் கொட்டிலில் விட்டனர் என்ற செய்தி ஊராரைப் பெரிதும் வருத்திற்று. எத்தனையோ ஆயிரம் பேருக்கு வீட்டுநிலம் தந்தவருக்கு அன்றிரவு தங்க வீடு கிடைக்கவில்லை.

இன்று அப்பகுதியிலே மலஹைட் என்றொரு ஊர்ப்பிரிவு உண்டு. டால்பொட்வில் என்றோர் ஊர் உண்டு. சென் தோமஸ் நகரின் தலைமை வீதிக்கு டால்பொட் வீதி என்பதே பெயர். அவர் அமைத்த நீண்ட வீதி இன்றும் பெருந்தெருவாக விளங்குகின்றது. குடியிராதவனுக்கு நிலமில்லை, வீதி வெட்டாதவனுக்கு உறுதியில்லை என்ற அவருடைய கண்டிப்பே அதனை ஆக்கிற்று. அக்கண்டிப்பை நான் மதிக்கின்றேன். மேல் கனடாவின் ஏனைய பகுதிகளிற் பிரபுக்களின் பெயரால் மையில் எழுதிய உறுதிகள் காட்டை அப்படியே காடாக வைத்திருந்தன. டால்பொட்டின் பென்சிலோ அதனை வயலாக்கியது. இதனை மறுக்க முடியாது.

ஆனால் நேயர்களே, நல்லவர் ஒருவர் கையிலுள்ள பென்சிலும் பென்சில்தான். அவருக்குக் கோபம் வரலாம், முதுமை வரலாம், அவருக்குப்பின் வருபவர் நல்லவராக இல்லாதிருக்கலாம். பத்து ஏக்கர் காடு வெட்டியவன், தன் பெயர் இன்றும் அவ்வரைபடத்தில் உள்ளதோ என்று எண்ணி எண்ணி இரவில் விழித்திருத்தலாகாது. டால்பொட்டின் வீதியையே நடந்து வந்து, டால்பொட்டின் ஆட்சியை எதிர்த்த மக்கள் கேட்டது இதனைத்தான். எமது பாடசாலை இடாப்பில் ஒரு சிறுவனின் பெயரை மையினால் எழுதவேண்டுமென்று இளம் ஆசிரியருக்கு நான் வற்புறுத்துவதும் இக்காரணம் பற்றியே.